இன்னும் நாலு கிலோ

ஆறா, ஏழா? இதுதான் இப்போது சிக்கல். மைதானத்தின் வடக்கு மூலையில் கோல் கம்பத்தைத் தாண்டும்போது ஆறு என்று தவசிலிங்கம் மனசுக்குள் சொன்னது வாஸ்தவம். ஆனால் சொன்னது இந்தச் சுற்றிலா, முந்தின சுற்றிலா என்று பிடிபடவில்லை. நடுவில் எங்கேயோ மனசு சுசியத்தின் பக்கம் போய்விட்டது. போனது சும்மா வராமல் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் விட்டது. திரும்பி வந்து பார்த்தால் எண்ணிக்கையைக் காணோம். சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்வதுதான் ஒழுங்கு. பருப்பு மில்லில் மூட்டை எண்ணும்போது அவன் அப்படித்தான் செய்வான், இல்லையென்றால் முதலிலிருந்து எண்ணச் சொல்வான், இருபத்திரண்டு வருஷமாக அந்த விஷயத்தில் அவன்மேல் ஒரு சொல் வந்ததில்லை. இங்கே கேட்க ஆள் கிடையாது. ஏழு என்றே வைத்துக்கொண்டான். வைத்துக்கொண்டதும் கால் லேசானது மாதிரி இருந்தது. அப்புறம், இது என்ன பிழைப்பு, நாற்பத்தாறு வயசில் தன்னையே ஏமாற்றிக்கொண்டு, என்றும் இருந்தது. சரி, ஆறு. ஆறென்றால் இன்னும் ஆறு கிடக்கிறது. ஐயோ. பன்னிரண்டு சுற்று, ஒரு நாள் விடாமல், மூன்று மாசம் என்பது டாக்டர் போட்ட கட்டளை. விருதுநகரில் கார்த்திகை மாசத்துக் காலையில்தான் மனுஷன் வேர்க்காமல் நடக்கலாம் என்பார்கள். அவனுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை, பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது, தொடை இரண்டும் உரசி எரிந்தது. ஆனாலும் முன்னைக்கு இப்போது எவ்வளவோ தேவலை. முதல் நாள் இரண்டாவது சுற்றிலேயே சிமென்ட் பெஞ்சில் சரிந்து, ஹார்ட் அட்டாக்தான் என்று முடிவுகட்டி, குலசாமியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் இவன். அன்றைக்குத் தொண்ணூற்று நாலு கிலோ. மில்லில் மூட்டை நிறுக்கிற மேடையில் ஏறி நின்றுதான் பார்த்தான். லோடுமேன் கருத்தப்பாண்டி சிவப்பு எண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு மூட்டைக்கு ஆறு கிலோதான் அண்ணாச்சி கம்மி, ஒரு கறிச்சோறு தின்னுட்டு வாங்க, வாயத் தைச்சு லாரியில ஏத்திருவோம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், இவனும் சிரித்தான். போன வாரம் அதே மேடை எண்பத்து நாலு காட்டியது. நேற்று எண்பத்தாறு காட்டியது. எண்பத்திரண்டுக்கு வர வேண்டும். இன்னும் நாலு கிலோ, இருபது நாள்.

எதிரில் அழகர்சாமி அண்ணாச்சி வந்துகொண்டிருந்தார். மின்வாரியத்தில் ரிட்டயரானவர். ஊரே ஒரு பக்கமாகச் சுற்றினால் அவர் எதிர்ப்பக்கமாகச் சுற்றுவார். அதனால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை அவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். பார்க்கிறபோதெல்லாம் ஒரு வாக்கியம் சொல்வார், மிச்சத்தை அடுத்த சந்திப்பில் வைத்துக்கொள்வார். "என்ன தவசி, எறங்குதா?" என்றார். "எறங்குது அண்ணாச்சி" என்று இவன் முடிப்பதற்குள் தாண்டிவிட்டார். பச்சைப் பொய். இறங்கினது போய் ஏறுகிறது. அண்ணாச்சிக்கு என்ன தெரியும், சுகருக்காக நடக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைக்கட்டும் என்று விட்டதும் இவன்தான். உண்மை இந்த மைதானத்தில் ஒருத்தர் காதில் விழுந்தால் போதும், எட்டு மணிக்குள் நாலு தெரு தாண்டி அக்கா காதுக்குப் போய்விடும். அக்காவுக்குத் தெரியக் கூடாது. அக்காவுக்குத் தெரியக் கூடாது என்று முதலில் சொன்னது யார், அத்தானா, இவனா? அதுவும் இப்போது சரியாக ஞாபகம் இல்லை. அத்தான்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்வது சௌகரியம். மதுரையில் ஏசி போட்ட அந்தச் சின்ன அறை ஞாபகம் இருக்கிறது. அக்கா தங்கபுஷ்பத்தை வெளியே நர்ஸோடு உட்காரவைத்துவிட்டு, அத்தான் அருணகிரி, அவர்கள் மகன் பொன்ராஜ், இவன், மூன்று பேரும் உள்ளே போனார்கள். ஈரல் கெட்டுப்போய்விட்டது என்றதும் ஊரெல்லாம் அத்தானைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தது, என்னமோ அவர் குடித்து அவளுக்குக் கெட்டது மாதிரி. அந்த மனுஷன் டீயைத் தவிர எதையும் குடித்ததில்லை. டாக்டரம்மா வெள்ளைத்தாளில் ஈரலை வரைந்து, கொழுப்பு படிந்து படிந்து, புண்ணாகி ஆறி, மறுபடி புண்ணாகி ஆறி, இப்போது காய்த்துப்போய்விட்டது என்று பேனாவால் கட்டம் கட்டிக் காட்டினார். வேறு ஈரல் வைத்தால்தான். வைக்காவிட்டால் ஒரு வருஷம்கூடத் தாங்கும் என்று நான் சொல்ல மாட்டேன் என்றார். யாராவது சொந்தத்தில் பாதியைக் கொடுக்கலாம், கொடுத்தவருக்கு மறுபடி வளர்ந்துவிடும். அத்தானுக்குச் சுகர், நெஞ்சில் ஸ்டென்ட், ஆகாது. பொன்ராஜுக்கு ரத்தம் சேரவில்லை. "வேற யாரு?" என்று கேட்டுவிட்டு டாக்டரம்மா பேனாவை மூடினார். அத்தான் இவனைப் பார்த்திருந்தால்கூட இவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பான். அவர் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கைகழுவும் படத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் தாங்க முடியவில்லை. "நான் இருக்கேனே" என்று ஒரு குரல் வந்தது. வந்த பிறகுதான் அது தன் குரல் என்று இவனுக்குத் தெரிந்தது.

சொன்னது சொன்னதுதான், அப்புறம் ஸ்கேன், ரத்தம், அது இது என்று இவனை ஒரு வாரம் புரட்டிப் போட்டார்கள். கடைசியில் பார்த்தால் இவன் ஈரலிலும் முப்பது பெர்சன்ட் கொழுப்பு. ஒரே அடுப்பில் வளர்ந்த உடம்பு இரண்டும், வேறு எப்படி இருக்கும்? "இதை எடுத்து வச்சா அவங்களுக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது" என்றார் டாக்டரம்மா. "மூணு மாசம் தர்றேன். பன்னிரண்டு கிலோ குறைங்க. மருந்து, மாத்திரை, பவுடர் ஒண்ணும் கிடையாது. வாயைக் கட்டுங்க, காலை அவிழ்த்து விடுங்க. இது அவங்களுக்காக மட்டும்னு நினைக்காதீங்க, இப்படியே போனா பத்து வருஷத்துல நீங்களும் இதே நாற்காலியிலதான் வந்து உக்காருவீங்க." அவர் பாட்டுக்குச் சாதாரணமாகச் சொன்னார். வெளியே வரும்போதுதான் அத்தான் இவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அவகிட்ட இப்ப சொல்ல வேணாம் மாப்ள, தம்பி ஒடம்புல கத்தி படும்னு தெரிஞ்சா ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்க மாட்டா. கையெழுத்துப் போடுற அன்னைக்குப் பாத்துக்கலாம்" என்றார். ஆமாம், அத்தான்தான் சொன்னார். அக்காவிடம் லிஸ்டில் பேர் பதிந்திருக்கிறது, எங்கேயாவது ஒருத்தர் மூளைச்சாவு அடைந்தால் கூப்பிடுவார்கள் என்று சொல்லிவைத்தார்கள். அதிலிருந்து அவள் பேப்பரில் விபத்துச் செய்தியைப் படிப்பதை விட்டுவிட்டாள். "யாரு பெத்த பிள்ளையோ, நான் இங்க காத்துக்கிட்டுக் கிடக்கேனே, இது என்ன பொழப்புடா" என்று ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டு, போன் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். கிழக்குப் பக்கம் வந்தபோது மண் கொஞ்சம் ஈரமாக இருந்தது, ஷூவின் அடியில் ஒட்டிக்கொண்டு கனத்தது. அண்ணாச்சி எதிரே வந்து, "சோத்தை விட்டுரு தவசி" என்றார். தாண்டிப் போனார்.

சோற்றைத்தானே, எப்போதோ விட்டாயிற்று. வீட்டில் பெண்டாட்டி ஜெயக்கொடி டாக்டரம்மாவுக்கு மேலே. சோறு ஒரு தம்ளர், அளந்து. காலையில் கம்பங்கூழ், மோர் ஊற்றி. வாழைத்தண்டு, புடலங்காய், கொள்ளு ரசம், முட்டையில் வெள்ளைக்கரு மட்டும். மஞ்சள்கருவைக் கண்ணில் காட்டாமல் பிள்ளைகளுக்கு வைத்துவிடுவாள். எண்ணெய் பரோட்டாக் கடை இருக்கிற தெரு வழியாக வண்டியை ஓட்டக் கூடாது என்று அதற்கும் ஒரு தடை. முதல் பத்து நாள் தலை சுற்றியது, எரிச்சல் வந்தது, மில்லில் துவரம்பருப்பைக் கையில் அள்ளித் தரம் பார்க்கும்போது பச்சையாகவே வாயில் போட்டுக்கொள்ளத் தோன்றியது. அப்புறம் பழகிவிட்டது. பழகினது மட்டும் இல்லை, உடம்புக்குச் சுகமாகக்கூட இருந்தது. குனிந்து செருப்பு மாட்ட முடிந்தது, மாடிப்படியில் மூச்சு வாங்குவது நின்றது, பெல்ட்டில் இரண்டு ஓட்டை புதுசாகப் போட்டான். இந்தச் சுகத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், பார்த்தாயா, எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்பார்கள். நல்லபடியாகப் போனால் எங்கே போய் முடியும் என்று அவனுக்கு மட்டும்தான் தெரிந்தது மாதிரி இருந்தது. ஜெயக்கொடிக்கும் தெரியும். ஆரம்பத்தில் ஒரே ஒரு நாள், கீரை ஆய்ந்துகொண்டே, "எனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்கு" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, தம்ளரில் தலைதட்டிச் சோறு அளந்து போட்டாள். இரண்டு மாசம் கழித்து அக்கா இவனைக் கவனித்தாள். "என்னடா இது, கன்னம் ஒட்டிப்போச்சு?" முதலில் சுகர் என்று சந்தேகப்பட்டாள். இல்லை என்றதும் ஜெயக்கொடிமேல் சந்தேகப்பட்டாள். வீங்கின காலோடு ஆட்டோ பிடித்து வந்து, வாசலிலேயே நின்று, "என் தம்பிக்கு அரைவயித்துச் சோறா போடுற? நான் சாகறதுக்குள்ள அவனைக் காய வச்சிரணும்னு நெனப்பா?" என்று தெருவே கேட்கக் கேட்டாள். ஜெயக்கொடி உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு ஜெயக்கொடி காலில் விழலாம் போல இருந்தது இவனுக்கு. எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டான்.

மறுநாளிலிருந்து தூக்குச் சட்டி வர ஆரம்பித்தது. கொண்டுவந்தது யார்? அத்தான். எல்லாம் தெரிந்த அதே அத்தான். மில் வாசலில் வண்டியை நிறுத்தி, தூக்கை நீட்டிவிட்டு, இவன் முகத்தைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "வேணாம்னா ஏன்னு கேப்பா மாப்ள. நீ வாங்கிக்க. உள்ள யாருக்காச்சும் குடுத்துரு." பால்கொழுக்கட்டை, முந்திரிக்கொத்து, நெய் ஊற்றின பருப்புச்சோறு, உளுந்தங்களி. நிற்க முடியாதவள், ஸ்டூல் போட்டு அடுப்படியில் உட்கார்ந்து செய்து அனுப்புகிறாள். செய்வதற்குப் பருப்பு? இவன் மில்லிலிருந்து இவனே பொறுக்கிக் கொடுத்த பருப்பு. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல. முதல் வாரம் நியாயமாக லோடுமேன்களுக்குத்தான் கொடுத்தான். கருத்தப்பாண்டி அந்த வாரம் இரண்டு கிலோ ஏறியிருப்பான். ஆனால் சாயங்காலம் அக்கா போன் பண்ணுவாள். "வெல்லம் கூடிப்போச்சாடா?" என்பாள். என்ன சொல்வது? தின்னாதவன் என்ன சொல்ல முடியும்? அதனால் பதில் சொல்வதற்காக ஒன்றே ஒன்று வாயில் போட்டான். ஒன்றில் சரியாகத் தெரியவில்லை என்று இரண்டு. "ஏலக்காய் தூக்கலா இருந்துச்சுக்கா" என்று சொன்னபோது அவள் குரலில் ஒரு சந்தோஷம் வந்தது, அந்தச் சந்தோஷத்துக்காக அடுத்த நாள் மூன்று. நேற்று சுசியம். பாசிப்பருப்பும் வெல்லமும் உருட்டி, மாவில் முக்கி, எண்ணெயில் பொரித்தது, ஏழு. மதியம் லோடு இறங்குகிற நேரத்தில், மூட்டை அடுக்குக்குப் பின்னால், சாக்குத் தூசி பறக்கிற இடத்தில் நின்றுகொண்டு ஏழையும் தின்றான். ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்கத் தோன்றவில்லை. ருசித்துத் தின்றான் என்றும் சொல்ல முடியாது. வேலை பார்க்கிற மாதிரி, ஒன்றுக்கப்புறம் ஒன்றாக, நிதானமாகத் தின்று முடித்து, கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு, நேரே போய் எடை மேடையில் ஏறினான். எண்பத்தாறு. ஏழு சுசியத்தில் ஏறின எடை இல்லை அது, ஒரு வாரமாகச் சேர்ந்தது. அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்தபோது நெஞ்சுக்குள் என்னமோ தளர்ந்து இறங்கியது. வருத்தம் என்றுதான் முதலில் நினைத்தான். வருத்தம் இல்லை. நிம்மதி. அப்பாடா என்று ஒரு நிம்மதி.

அந்த நிம்மதியைத்தான் நேற்று மதியத்திலிருந்து அவன் எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கிக்கொண்டு திரிகிறான். இந்தச் சுற்றிலும் அது கூடவே வருகிறது. எடை குறையாவிட்டால் கத்தி இல்லை. கத்தி இல்லாவிட்டால், டாக்டரம்மா சொன்ன அந்த ஐந்நூறில் ஒன்று இல்லை. "ஐந்நூறு பேர்ல ஒருத்தருக்கு ஏதாவது ஆகலாம், அதைச் சொல்ல வேண்டியது எங்க கடமை" என்றாரே, வேறு யாராவது கேட்டிருந்தால் சரி, நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் பிழைக்கிறார்களே என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். இவன் ஐந்நூறு மூட்டை இறங்குகிறதை வாரா வாரம் பார்க்கிறவன். ஐந்நூறு மூட்டையில் வண்டு விழுந்த மூட்டை ஒன்று எப்படியும் இருக்கும். அது எந்த மூட்டை என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, சாக்கில் குத்தூசி விட்டுப் பருப்பை இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். வயிற்றில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டான். வலது விலாவுக்குக் கீழே, இங்கிருந்து இங்கே வரைக்கும் என்று காட்டினார்கள். சதை குறைந்ததில் இப்போது விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது, அதுவே பயமாக இருக்கிறது, மூடியிருந்த பெட்டியின் மூடியை யாரோ எடுத்துவிட்ட மாதிரி. அவன் சுபாவமே இப்படித்தான். ஆறு வயசில் மண்ணெண்ணெய் வாங்க அக்காவோடு போனான், அவளுக்குப் பதினாலு. திரும்புகிற வழியில் நாய் துரத்தியது. இவன் அவள் கையை உதறிவிட்டு ஓடினான். கேன் கனம், அவளால் ஓட முடியவில்லை, கெண்டைக்காலில் கடித்துவிட்டது. அந்தக் காலத்தில் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. தினம் ஒன்று. பதினாலு நாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவாள், பதினாலு நாளும் அவள் வருகிற நேரத்துக்கு இவன் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவான். "நீ எங்கலே போன?" என்று அப்பா பெல்ட்டைக் கழற்றியபோது, "நான்தான் ஓடுடான்னு சொன்னேன்" என்றாள். சொல்லவே இல்லை. அவள் ஒன்றுமே சொல்லவில்லை, அம்மா என்று கத்தினாள், அவ்வளவுதான். நாற்பது வருஷமாக இரண்டு பேரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அண்ணாச்சி எதிரே வந்து, "சோத்தை விட்டா மட்டும் பத்தாது, மனசு வேணும்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது, சும்மா சொல்கிறார், ஆனாலும் இவனுக்குக் காது சுட்டது.

சொல்லிவிட்டால் என்ன? அக்காவிடம் நேராக, இந்த மாதிரி, நான்தான் தரப்போகிறேன், பலகாரம் அனுப்பாதே என்று. சொன்னால் தூக்குச் சட்டி நின்றுவிடும். சொன்னால் வேண்டாம் என்பாள். கட்டாயம் சொல்வாள், தலையில் அடித்துக்கொண்டு அழுவாள், என் உசுரு போனாலும் உன்மேல கத்தி வைக்க விட மாட்டேன் என்பாள். அத்தோடு முடிந்தது. இவன் கொடுக்கத்தான் நின்றான், பத்து கிலோ குறைத்தான், அக்காதான் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் ஒருத்தன் குறை சொல்ல முடியாது. ஜெயக்கொடி சோற்றை அளக்க வேண்டாம். வயிறும் பத்திரம். ஆக, இப்போது சொல்லத் தோன்றுகிறதே, இதுவும் ஓடத்தான். சரி, சொல்லாமல் இருந்தால்? இருந்தால் இன்றைக்கும் தூக்கு வரும், இன்றைக்கும் தின்பான், இருபதாம் நாள் ஸ்கேன் எடுத்துவிட்டு டாக்டரம்மா உதட்டைப் பிதுக்குவார். அதுவும் ஓட்டம்தான், கொஞ்சம் மெதுவான ஓட்டம். சொன்னாலும் தப்பலாம், சொல்லாவிட்டாலும் தப்பலாம். தப்ப முடியாத வழி என்று ஒன்று இருக்கிறதா என்று தேடினான். தூக்கை வாங்கிக் கருத்தப்பாண்டியிடம் கொடுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நாலு கிலோ இறங்குவது. அது ஒன்றுதான் வழி, அது இவனால் ஆகாது என்று நேற்றே தெரிந்துபோயிற்று. கோல் கம்பம் மறுபடி வந்தது. எண்ணவில்லை. கால் தானாக நின்றது, கை தானாகச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தது. வேண்டாம் என்பாள், வேண்டாம் என்று அவள் சொல்வதற்காகத்தானே கூப்பிடுகிறாய், நாயே, என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டே கூப்பிட்டான்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். தூங்கியிருக்க மாட்டாள், ஈரல் கெட்டதிலிருந்து உடம்பெல்லாம் நமைச்சல், விடிய விடியச் சொறிந்துகொண்டு கிடப்பாள். இப்போதும் வறட் வறட்டென்று நகம் தோலில் இழுபடுகிற சத்தம் போனில் கேட்டது.

"என்னடா, விடிஞ்சும் விடியாம?"

"ஒண்ணுமில்லக்கா. நடந்துக்கிட்டு இருக்கேன்."

"நட, நட. நடந்தா நல்லாப் பசிக்கும். இன்னைக்கு அதிரசம் குடுத்து விடுறேன், மாவு பதமா வந்திருக்கு."

"அக்கா, இனிமே எதுவும் குடுத்து விடாத."

"ஏன்? அவ சொல்லிக் குடுத்தாளாக்கும்?"

"அவ பாவம், அவளை இழுக்காத. நான் சொல்றதக் கேளு." மூச்சு வாங்காமல் சொன்னான். லிஸ்ட், மூளைச்சாவு எல்லாம் பொய், டாக்டர் சொன்னது இது, தரப்போவது நான், அதற்காகத்தான் இளைக்கிறேன், இன்னும் நாலு கிலோ, நீ அனுப்புகிறதைத் தின்றால் இறங்காது. எல்லாம் ஒரே வாக்கியமாக வந்து விழுந்தது. சொறிகிற சத்தம் நின்றுவிட்டது. இவன் காத்திருந்தான். அவள் வேண்டாம் என்றதும், அதெல்லாம் முடியாதுக்கா, குடுத்தே தீருவேன் என்று ஒரு தடவை பிடிவாதம் காட்ட வேண்டும், ஒரு தடவை போதும், அந்த வாக்கியத்தைக்கூட நாக்கில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"எத்தனை நாளுக்குள்ள?" என்றாள் அக்கா.

"என்னது?"

"நாலு கிலோ. எத்தனை நாளுக்குள்ள கொறைக்கணும்?"

"இருபது நாள்."

"நேத்து அனுப்புன சுசியத்த யாருக்குக் குடுத்த?"

மைதானத்தில் பையன்கள் பந்தை உதைக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"உன்னத்தான் கேக்கேன். யாருக்குக் குடுத்த?"

"நான்தான் தின்னேன்."

"எத்தனை?"

"ஏழும்."

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு ஏன்டா தின்ன?" அதட்டலாகத்தான் கேட்டாள், ஆனால் கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. பொய் சொல்ல ஏகப்பட்ட இடம் இருந்தது. நீ ஆசையா அனுப்பினே, மனசு கேக்கல என்று சொல்லியிருக்கலாம், அவள் நம்பியும் இருப்பாள். என்ன காரணமோ, அது வாயில் வரவில்லை.

"பயமா இருந்துச்சுக்கா" என்றான். "கத்தின்னா பயமா இருக்கு. எடை ஏறிருச்சுன்னா விட்டுருவாங்கல்ல. அதான்."

போனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தான். வைக்கவில்லை. நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அத்தான் தூங்குவார் போல, ரொம்பத் தணிந்த குரலில் பேசினாள்.

"வேணாம்டான்னு நான் சொல்லணும் தவசி. கூடப்பொறந்தவ அதத்தான் சொல்லணும். இந்தா, நீ சொன்னதுலேருந்து சொல்லிப் பாக்கேன். நாக்கு எந்திரிக்க மாட்டேங்குதுடா."

"அக்கா..."

"எனக்குச் சாக இஷ்டம் இல்லடா. பேரன் பேத்தி பாக்கணும், அது இதுன்னு பெருசா ஒண்ணும் இல்ல. சும்மா இருக்கணும். காலையில எந்திரிச்சு ஒரு காப்பி குடிக்கணும். அவ்வளவுதான். அதுக்கு உன் வயித்தைக் கிழிக்கணும்னா கிழிக்கட்டும்னு தோணுதே, நான் என்ன பொம்பளைடா?"

இவன் அழவில்லை. அழுகிற இடம் இது என்று தெரிந்தது, கண் வறண்டு கிடந்தது. இத்தனை வருஷத்தில் அவள் இவனிடம் ஒரு சேலை வேண்டும் என்றுகூடக் கேட்டதில்லை. பொங்கல்படி கொண்டுபோனால்கூட, எதுக்குடா இவ்வளவு என்றுதான் சொல்வாள். இப்போதும் அவள் கேட்கவில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இனிமேல் சொல்ல மாட்டாள். தப்பிக்க இருந்த இரண்டு வழியும் அடைபட்டுப்போனது அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. பயம் கொஞ்சமும் குறையவில்லை. வலது விலாவுக்குக் கீழே அப்படியே கிடந்தது.

"நின்னுட்டியா?" என்றாள்.

"ஆமா."

"ஏன் நிக்கிற? நட."

"சரி, வைக்கிறேன்."

"வைக்காத. காதுலயே வச்சுக்கிட்டு நட. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

நடந்தான். காதில் அக்காவின் மூச்சு கேட்டது. வறட்டென்று ஒரு தடவை சொறிந்துகொண்டாள், அப்புறம் அதையும் நிறுத்திவிட்டுக் கேட்டாள். அண்ணாச்சி எதிரே வந்து, "போன் பேசிக்கிட்டு நடந்தா நடந்த மாதிரியே இல்ல தவசி" என்றார்.

"காலடிச் சத்தமே கேக்கலயேடா?"

"மண்ணுக்கா. மண்ணுல கேக்காது."

"மூச்சு கேக்குது" என்றாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "மெதுவாப் போற."

"போறேன்ல."

"இன்னும் கொஞ்சம் வேகமாப் போடா" என்றாள் அக்கா.